வயிறு மெத்தென்று இருக்கும், குடல் செத்துக்கொண்டிருக்கும்

பெரியவர் ஒருவர் வயிற்றுவலியில் புரள்கிறார். மருத்துவர் அழுத்திப் பார்த்தால் வயிறு மெத்தென்று இருக்கிறது. இறுக்கம் இல்லை; தொட்டால் துள்ளும்படி ஓரிடமும் இல்லை. வலி அவ்வளவு, கைக்குத் தெரிவது இவ்வளவுதானா என்று கேட்கவைக்கும் இந்தப் பொருத்தமின்மைதான் குடலுக்குப் போகும் ரத்தம் திடீரென்று நின்றுபோனதற்கு முதல் அடையாளம். அறுவை மருத்துவம் படிக்கும் எல்லாருக்கும் இது பாடத்தில் உண்டு. ஆனாலும் தவறிப்போகிறது. அவசர வயிற்றுக் கோளாறோடு அறுவைப் பிரிவில் சேர்க்கப்படுவோரில் ஆயிரத்துக்கு ஓரிருவருக்குத்தான் இந்த நோய். மற்றவர்களுக்குப் பித்தப்பைக் கல், குடல்வால் அழற்சி, குடலடைப்பு என்று வேறு ஏதாவது இருக்கும். மனத்தில் தோன்றாத நோயை ஸ்கேன் எடுத்தும் கோட்டைவிடலாம், ஏனென்றால் எந்த வகை ஸ்கேன் கேட்பது என்பதே சந்தேகத்தைப் பொறுத்தது.

வயிறு ஏன் இறுகவில்லை? குடலின் உட்பக்கத்தில் விரல்போல் நீட்டிக்கொண்டு சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகளின் நுனிக்கு எப்போதுமே ஆக்சிஜன் சற்றுக் குறைவாகத்தான் கிடைக்கிறது. ரத்தம் குறைந்தவுடன் முதலில் சாவது அந்த நுனிகள். சேதம் உள்ளேயிருந்து வெளியே பரவுகிறது. தொட்டால் வலிக்கவும் வயிறு பலகைபோல் இறுகவும் வேண்டுமென்றால், குடலின் வெளிச்சுவர் வரை பாதிப்பு வந்து வயிற்றறையின் உறையும் அழற்சி அடைந்திருக்கவேண்டும். அதற்குள் அந்தப் பகுதிக் குடல் போய்விட்டது என்று அர்த்தம். ரத்தம் அறவே நின்றால் ஏறத்தாழ 6 மணி நேரத்தில் மீட்கமுடியாத சேதம் தொடங்கிவிடும். முக்கால்வாசி குறைந்து கால்வாசி ஓடிக்கொண்டிருந்தால் 12 மணி நேரம்வரை தாக்குப்பிடிக்கும். இடையில் வலி தானாகத் தணிவதும் உண்டு. நரம்பு முனைகள் செயலிழப்பதால் வரும் தணிவு அது. வீட்டில் இருப்பவர்கள் மட்டுமல்ல, சில நேரம் மருத்துவர்களும் அதை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

மூன்று தமனிகள், நான்கு விதமான தடை

வயிற்றுக்குள் இறங்கும் பெருந்தமனியிலிருந்து முன்பக்கமாக மூன்று கிளைகள் பிரிகின்றன. முதலாவது சீலியாக் தமனி. இரைப்பை, கல்லீரல், மண்ணீரல் அதன் பொறுப்பு. இரண்டாவது மேல் குடல் தமனி, மருத்துவமனையில் எல்லாரும் ‘எஸ்எம்ஏ’ என்பார்கள். சிறுகுடல் ஏறக்குறைய முழுவதும் பெருங்குடலின் முதல் பாதியும் அதை நம்பி இருக்கின்றன. மூன்றாவது கீழ்க் குடல் தமனி, பெருங்குடலின் கடைசிப் பகுதிக்கு. சும்மா இருக்கும்போதே இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் நான்கில் ஒரு பங்கு வரை இந்த மூன்றின் வழியாகப் போகிறது. சாப்பிட்ட பிறகு இன்னும் கூடுகிறது. மூன்றுக்கும் இடையே இணைப்புக் குழாய்கள் இருப்பதால், ஒன்று மெதுவாக அடைந்தால் மற்றவை ஈடுகட்டும். திடீரென்று அடைந்தால் ஈடுகட்ட நேரமில்லை.

திடீர் அடைப்பில் ஏறத்தாழ பாதி, இதயத்திலிருந்து பறந்துவரும் ரத்தக்கட்டியால் வருகிறது. எஸ்எம்ஏ பெருந்தமனியிலிருந்து சாய்வாகக் கீழ்நோக்கிப் பிரிவதால் கட்டி அதற்குள் எளிதாக நுழைந்துவிடும். நுழைந்தது வாயிலில் நிற்பதில்லை. 3 முதல் 10 சென்டிமீட்டர் தள்ளி, முதல் சில கிளைகளைத் தாண்டி, குழாய் குறுகும் இடத்தில் சிக்கும். அதனால் சிறுகுடலின் தொடக்கமும் குறுக்குப் பெருங்குடலும் பெரும்பாலும் தப்பிக்கின்றன. இரண்டாவது வகையில், கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து ஏற்கெனவே குறுகிய தமனியின் வாயிலிலேயே ரத்தம் உறைகிறது. அதில் சேதம் கூடுதல். மூன்றாவதில் அடைப்பே இல்லை. ரத்த அழுத்தம் விழுந்து, உடல் மூளையையும் இதயத்தையும் காப்பாற்றக் குடலின் தமனிகளைச் சுருக்கிக்கொள்கிறது. நான்காவது, ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் சிரையில் உறைவு. முதல் வகை நிமிடங்களில் தாக்கும். நான்காவது பல நாள் மந்தமாக வலித்துக்கொண்டே இருக்கும்.

சிங்கப்பூரில் யாரைப் பார்த்தால் சந்தேகம் வரவேண்டும்

குடிமக்களில் 65 வயதை எட்டியவர்கள் 2024ஆம் ஆண்டிலேயே ஏறத்தாழ 20 விழுக்காடு. வயது கூடக்கூட ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற இதயத் துடிப்பும் கூடுகிறது. இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குவதால் ரத்தம் தேங்கி உறைந்து, ஒருநாள் கட்டி கிளம்புகிறது. மூளைக்குப் போனால் பக்கவாதம் என்று எல்லாருக்கும் தெரியும். குடலுக்கும் போகும் என்பது பலருக்குத் தெரியாது. எனவே வலியோடு வந்திருக்கும் பெரியவரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி என்ன சாப்பிட்டார் என்பதல்ல. ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து எடுப்பவரா, கடந்த சில வாரத்தில் அதை நிறுத்தினாரா என்பதுதான்.

நிறுத்துவதற்கு நம்மிடையே காரணங்களுக்குப் பஞ்சமில்லை. பல் பிடுங்க நிறுத்தியதை மறுபடி தொடங்காமல் விட்டவர் உண்டு. ஊருக்குப் போன இடத்தில் மாத்திரை தீர்ந்து, திரும்பிவந்து பலதுறை மருந்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர் உண்டு. ஈறில் ரத்தம் கசிகிறது என்று தானாகவே பாதியாகக் குறைத்தவரும் உண்டு. அபிக்ஸபேன், ரிவரோக்ஸபேன் போன்ற புதிய மருந்துகளின் வேலை ஓரிரு நாளில் உடலிலிருந்து போய்விடும். வார்ஃபரின்போல் சில நாள் தாக்குப்பிடிக்காது. இந்த வேறுபாட்டை மருந்தை எழுதிக்கொடுப்பவர்கள் இன்னும் அழுத்திச் சொல்லவேண்டும்.

அடுத்த கூட்டம் நீரிழிவுக்காரர்களும் புகைபிடிப்பவர்களும். இந்தியர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் நீரிழிவு சீனர்களைவிடக் கூடுதல் என்பதை இங்குள்ள மக்கள் நல ஆய்வுகள் தொடர்ந்து காட்டிவருகின்றன. இதயத் தமனியில் ஸ்டென்ட் (குழாயைத் திறந்துவைக்கும் சிறு வலைக்குழல்) வைத்தவருக்கும், நடந்தால் கெண்டைக்கால் இழுக்கிறது என்பவருக்கும் குடல் தமனியும் அதே நிலையில் இருக்க வாய்ப்பு உண்டு.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களைத் தனியாகச் சொல்லவேண்டும். இரண்டு டயாலிசிஸுக்கு இடையில் உடலில் நீர் நிறைய ஏறியிருந்தால், நான்கு மணி நேரத்துக்குள் அதை இழுத்தெடுக்கும்போது ரத்த அழுத்தம் சரியும். அழுத்தம் ஏறிய பிறகும் குடலின் தமனிகள் சுருங்கியே இருக்கலாம். டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்குப் போனபின் வயிற்றுவலி, அன்று மையத்தில் அழுத்தம் குறைந்ததாகவும் பதிவு என்றால், அதை வெறும் களைப்பு என்று படுக்கவைக்கக்கூடாது.

ரத்தப் பரிசோதனை ஏமாற்றும் இடம்

ஆக்சிஜன் கிடைக்காத திசுக்களில் சேரும் லாக்டேட்டின் அளவு ரத்தத்தில் ஏறியிருந்தால் சந்தேகம் வலுக்கும். ஏறாவிட்டால் நோய் இல்லை என்று சொல்லமுடியாது. குடலிலிருந்து வரும் லாக்டேட் முதலில் கல்லீரலுக்குப் போகிறது. தொடக்கத்தில் கல்லீரலே அதைத் துடைத்துவிடும். பொது ரத்தத்தில் லாக்டேட் ஏறும் நேரத்தில் பெரும்பாலும் குடலின் ஒரு பகுதி செத்திருக்கும். இன்னொரு குழப்பமும் உண்டு: மெட்ஃபார்மின் எடுக்கும் நீரிழிவுக்காரருக்குச் சிறுநீரகமும் சரியில்லை என்றால் வேறு காரணத்தாலேயே லாக்டேட் ஏறியிருக்கலாம். அமைலேஸ் என்ற செரிமான நொதி ஓரளவு ஏறுவதால் கணைய அழற்சி என்று முடிவுகட்டிவிடுவது அடுத்த பொறி. ரத்தக்கட்டி கரையும்போது வெளிவரும் டி-டைமர் சாதாரணமாக இருந்தால் இந்த நோய் இருக்கும் வாய்ப்பு குறைவு. ஏறியிருந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்லமுடியாது, வயதானவர்களில் பாதிப்பேருக்கு எதற்காவது ஏறித்தான் இருக்கும். எக்ஸ்ரே சுத்தமாக இருப்பது எந்த ஆறுதலும் தராது.

விடை தருவது ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஸ்கேனான சிடி ஆஞ்சியோகிராம் ஒன்றுதான். சிரையில் சாயம் ஏற்றி, தமனி நிறையும் கட்டத்தில் ஒருமுறை, ஏறத்தாழ 70 வினாடியில் சிரை நிறையும் கட்டத்தில் மறுமுறை என்று எடுக்கவேண்டும். படத்தின் துண்டுகள் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் போகக்கூடாது. சாதாரண வயிற்று சிடி சிரைக் கட்டத்தில் மட்டும் எடுக்கப்படுவதால் தமனிக்குள் கிடக்கும் கட்டி மங்கிப்போகலாம். வாய்வழியாகச் சாயம் குடிக்கவைப்பது இங்கே வேண்டாத வேலை: ஒரு மணி நேரத்துக்கு மேல் வீணாகும், அதோடு குடல்சுவர் சாயத்தை ஏற்கிறதா என்பதையும் மறைத்துவிடும்.

சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ஏறியிருக்கிறது, சாயம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்ற தயக்கத்தில்தான் அதிக நேரம் தொலைகிறது. சிறுநீரகம் கெட்டால் டயாலிசிஸ் இருக்கிறது. செத்த குடலுக்கு அப்படி மாற்று எதுவும் இல்லை. பன்னாட்டு வழிகாட்டுதல்களும் இதைத்தான் சொல்கின்றன: உண்மையான சந்தேகம் இருந்தால் சிறுநீரகப் பரிசோதனை முடிவுக்காக ஸ்கேனை நிறுத்திவைக்கக்கூடாது. கண்டறிவதில் ஆகும் ஒவ்வோர் 6 மணி நேரத் தாமதத்துக்கும் இறப்பு இரட்டிப்பாகிறது என்பதும் அவற்றில் உள்ள கணக்கு.

ஸ்கேன் படத்தைப் பக்கவாட்டு வெட்டில் பார்த்தால் பெருந்தமனியின் முன்புறம் சீலியாக்கும் எஸ்எம்ஏயும் இரண்டு வளைந்த கொம்புகளாகத் தெரியும். பளிச்சென்ற வெள்ளை எஸ்எம்ஏக்குள் சிறிது தூரம் ஓடி, பிறை வடிவில் வெட்டுப்பட்டதுபோல் நின்றால் அது பறந்துவந்த கட்டி. வாயிலிலேயே சுண்ணாம்புத் திட்டுகளோடு அடைந்திருந்தால் உறைவு. சிறுநீரகத்திலோ மண்ணீரலிலோ ஆப்பு வடிவில் சாயமேறாத பகுதி தெரிந்தால், இதயத்திலிருந்து கட்டிகள் சிதறுகின்றன என்பது உறுதியாகிவிடும். அதே படத்தில் கிடைக்கும் இந்தத் துப்பைப் பலர் தேடுவதில்லை. தமனி திறந்தே இருந்து, கிளைகள் எல்லாம் சிறுத்து, ஆங்காங்கே கயிற்றில் முடிச்சிட்டதுபோல் இருந்தால் அடைப்பில்லாத மூன்றாவது வகை. தமனி அடைப்பில் குடல்சுவர் காகிதம்போல் மெலிந்து சாயம் ஏறாமல் கிடக்கும். சிரை அடைப்பில் நேர்மாறாக வீங்கித் தடித்திருக்கும். குடல்சுவருக்குள் காற்று, கல்லீரலுக்குப் போகும் சிரையில் காற்று என்று எழுதப்பட்டிருந்தால், பெரும்பாலும் தாமதமாகிவிட்டது.

முதல் ஒரு மணி நேரமும் அறுவை அறையும்

சிகிச்சை ஸ்கேன் அறையிலிருந்து வரும்போதே தொடங்கிவிடும். சிரைவழி உப்புநீர், ஆக்சிஜன், மூக்கின் வழியாக இரைப்பைக்குக் குழாய், பல வகைக் கிருமிகளைத் தாக்கும் ஆன்டிபயாட்டிக். கூடவே ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பரின்: எடைக்கு கிலோவுக்கு 80 யூனிட் ஒரே தவணையாக, பிறகு மணிக்குக் கிலோவுக்கு 18 யூனிட் என்பது வழக்கமான அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 4,800 யூனிட், பிறகு மணிக்கு 1,080. ரத்தக்கசிவு இருந்தால் இந்தக் கணக்கு மாறும். ரத்த அழுத்தம் குறைந்திருக்கிறது என்று தமனிகளைச் சுருக்கும் மருந்துகளைத் தாராளமாக ஓட்டுவது இங்கே ஆபத்து. வாசோபிரெசின் குடலுக்கு மிஞ்சியிருக்கும் ரத்தத்தையும் பறித்துக்கொள்ளும். முதலில் திரவம். தவிர்க்கமுடியாவிட்டால்தான், அதுவும் குறைந்த அளவில், மருந்து.

வயிறு இறுகாமல் குடல் செத்த அறிகுறி இல்லாதவருக்குத் தொடை அல்லது கைத் தமனி வழியாகக் குழாய் விட்டுக் கட்டியை உறிஞ்சியெடுக்கலாம்; வாயில் குறுகியிருந்தால் அங்கேயே ஸ்டென்ட் வைக்கலாம். வயிறு இறுகிவிட்டால் திறந்தே ஆகவேண்டும்.

திறந்தபின் குறுக்குப் பெருங்குடலை மேலே தூக்கிப் பிடித்து, சிறுகுடலை வலப்பக்கம் ஒதுக்கி, குடலைத் தாங்கிப் பிடிக்கும் மடிப்பான குடல்தாங்கியின் அடியில் எஸ்எம்ஏயை விரலால் தேடுகிறார்கள். மேலே துடிப்பு இருந்து சற்றுக் கீழே இல்லாமல் போனால் கட்டி இருக்குமிடம் தெரிந்துவிட்டது. தமனியை மூன்று நான்கு சென்டிமீட்டர் விடுவித்து, இருபுறமும் கவ்வி, குறுக்கே சிறிதாக வெட்டி, ஃபோகார்டி குழாயை உள்ளே செலுத்துகிறார்கள். அமெரிக்க அறுவை மருத்துவர் தாமஸ் ஃபோகார்டி 1963இல் அறிமுகப்படுத்திய இந்தக் குழாயின் நுனியில் சிறு பலூன் இருக்கும். சுருங்கிய நிலையில் கட்டியைத் தாண்டிப் போய், அங்கே மெல்ல ஊதவைத்து, கட்டியோடு இழுக்கவேண்டும். மேல்நோக்கி 3 அல்லது 4 எண் குழாய், கீழ்நோக்கி அதைவிடச் சிறியது. மேலே இழுத்ததும் ரத்தம் பீறிட்டு வரவேண்டும். சொட்டுச்சொட்டாக வந்தால் வாயிலில் வேறு அடைப்பு இருக்கிறது. கீழ்க் கிளைகளில் பலூனை அழுத்தி ஊதினால் மெல்லிய தமனி கிழிந்துவிடும், ஆகவே அவசரப்படுவதற்கு இடமில்லை. நீளவாக்கில் வெட்டியிருந்தால் தைக்கும்போது குழாய் குறுகாமலிருக்கச் சிரைத் துண்டு ஒட்டுப்போடவேண்டிவரும். குறுக்கு வெட்டுக்கு அது தேவைப்படாது.

கவ்விகளை எடுக்குமுன் மயக்க மருத்துவருக்குச் சொல்லவேண்டும். மணிக்கணக்காகத் தேங்கியிருந்த பொட்டாசியமும் அமிலமும் ஒரே நேரத்தில் உடம்புக்குள் பாயும்; அந்த நிமிடத்தில் இதயத் துடிப்பு குழம்பலாம், அழுத்தம் விழலாம்.

பிறகு 20 முதல் 30 நிமிடம் வெதுவெதுப்பான ஈரத்துணி போர்த்திக் காத்திருப்பார்கள். ரத்தம் திரும்பாமல் எதையும் வெட்டுவதில்லை என்பது இங்கே விதி. ஓட்டை விழுந்த குடலும் சந்தேகமில்லாமல் கறுத்த குடலும்தான் விலக்கு. சாம்பல் நிறத்தில் கிடந்தது இளஞ்சிவப்பாவது, அசைவது, குடல்தாங்கியின் ஓரத்தில் துடிப்பு தெரிவது ஆகியவை நல்ல அறிகுறிகள். இன்டோசயனின் பச்சை என்ற சாயத்தைச் சிரையில் ஏற்றி, சிறப்புக் கேமராவால் எந்தப் பகுதி ஒளிர்கிறது என்று பார்ப்பதும் இப்போது வழக்கத்தில் இருக்கிறது. ஐயமான பகுதிகளை வெட்டாமல், வயிற்றையும் முழுதாக மூடாமல், 24 முதல் 48 மணி நேரத்தில் மறுபடி திறந்து பார்க்கிறார்கள். இரண்டாவது பார்வை என்பது முதல் அறுவை தோற்றதன் அறிகுறி என்று குடும்பத்தினர் பயப்படுவதுண்டு. அது திட்டமிட்டே செய்வது. முதல் நாளிலேயே எல்லாவற்றையும் வெட்டித் தள்ளினால் பிழைக்கக்கூடிய குடலும் போய்விடும்.

எவ்வளவு மிஞ்சியது என்பது பிறகான வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. பெரியவர்களின் சிறுகுடல் ஏறத்தாழ 6 மீட்டர். 2 மீட்டருக்குக் கீழே போனால் உறிஞ்சும் திறன் குறைந்து வயிற்றுப்போக்கும் எடையிழப்பும் தொடங்கும். பெருங்குடலும் இல்லாமல் ஒரு மீட்டரைச் சுற்றித்தான் மிஞ்சியிருந்தால் சிரைவழி ஊட்டத்தையே நம்பவேண்டிவரலாம். சிறுகுடலின் கடைசிப் பகுதி போனவர்களுக்குப் பி12 ஊசி வாழ்நாள் முழுவதும் வேண்டும். செத்துப்போன குடல் மிக நீளமாக இருந்து, உடலும் தளர்ந்திருக்கும் 85 வயதுக்காரருக்கு அறுவையே வேண்டாம், வலியில்லாமல் பார்த்துக்கொள்வோம் என்று முடிவெடுப்பதும் சரியான சிகிச்சைதான். அந்தப் பேச்சை வயிற்றைத் திறக்குமுன் குடும்பத்தோடு நடத்தவேண்டும்.

மற்ற இரண்டு வகைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். அடைப்பில்லாத வகையில் மூலகாரணத்தைச் சரிசெய்வதே சிகிச்சை. எஸ்எம்ஏக்குள் குழாய் வைத்து மணிக்கு 30 முதல் 60 மில்லிகிராம் பப்பாவெரின் என்ற, தமனியைத் தளர்த்தும் மருந்தை ஓட்டுவதும் உண்டு. சிரை உறைவில் பெரும்பாலானோருக்கு ஹெப்பரினே போதும், வயிற்றைத் திறக்கவேண்டியதில்லை. பிறகு குறைந்தது ஆறு மாதம் மாத்திரை. இந்த வகை நடுவயதினரிடமும் வரும் என்பதால், ரத்தம் ஏன் உறைந்தது என்று தேடுவது கட்டாயம்.

சாப்பாட்டைக் கண்டால் பயம்

மெதுவாக அடையும் வகை வேறு முகத்தோடு வருகிறது. சாப்பிட்டு 15 நிமிடம் முதல் ஒரு மணி நேரத்துக்குள் நடுவயிற்றில் வலி தொடங்கி, ஓரிரண்டு மணி நேரம் இருந்து போய்விடும். கொஞ்சம் சாப்பிட்டால் கொஞ்சம் வலி, நிறைய சாப்பிட்டால் நிறைய வலி. தட்டில் இரண்டு தோசை இருந்தவருக்கு ஒன்றாகி, அது அரையாகி, கஞ்சிக்கு வந்துவிடுகிறார். பசி இருக்கிறது, பயத்தில் சாப்பிடுவதில்லை. சில மாதத்தில் பத்துக் கிலோ குறைகிறது. எல்லாரும் முதலில் ‘கேஸ்டிரிக்’ என்று ஒமெப்பிரசோல் வாங்கித் தருவார்கள். பிறகு புற்றுநோய் என்று பயந்து எண்டோஸ்கோப்பி, கொலனோஸ்கோப்பி எல்லாம் பார்த்து ஒன்றுமில்லை என்று வரும். மூன்றில் இரண்டு தமனிகளாவது குறுகினால்தான் பொதுவாக இந்த வலி வருகிறது.

வெறும் வயிற்றில் எடுக்கும் டாப்ளர் ஸ்கேனில் (ஒலியலைகளால் ரத்த ஓட்டத்தை அளப்பது) எஸ்எம்ஏயில் ரத்தத்தின் உச்ச வேகம் வினாடிக்கு 275 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, சீலியாக்கில் 200ஐத் தாண்டினாலோ 70 விழுக்காட்டுக்கு மேல் குறுகியிருக்கிறது என்று கொள்வார்கள். சாப்பிட்டுவிட்டுப் போனால் ஓட்டம் இயல்பாகவே கூடிக் கணக்கு கெடும். உறுதிப்படுத்த சிடி. சிகிச்சை பெரும்பாலும் எஸ்எம்ஏயில் ஸ்டென்ட். உறையிட்ட ஸ்டென்ட் மறுபடி குறுகுவது குறைவு. எடை ஏறட்டும், பிறகு செய்யலாம் என்று ஊட்டம் ஏற்றிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பது தவறான வரிசை. குறுகிய தமனி எந்த நாளும் முழுதாக அடையலாம். ஸ்டென்டுக்குப் பிறகு சில மாதம் ரத்தத்தட்டுகள் ஒட்டாமல் தடுக்கும் இரண்டு மருந்துகள், பின் ஆஸ்பிரின் மட்டும், கூடவே கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின். பழைய வலி சாப்பாட்டுக்குப் பின் திரும்பினால் ஸ்டென்ட் குறுகுகிறது என்றே முதலில் நினைக்கவேண்டும்.

பெருங்குடலில் வருவது இவ்வளவு கொடியதல்ல. இரண்டு தமனிகளின் எல்லை சந்திக்கும் இடப்பக்க மேல் வளைவு, கால்வாய் நீர் கடைசியாக எட்டும் கடைமடை வயல்போல. அழுத்தம் சற்றுக் குறைந்தாலும் முதலில் வாடும். இடப்பக்கம் திடீரென்று பிடித்திழுக்கும் வலி, ஒரு நாளுக்குள் ரத்தம் கலந்த மலம். பெரும்பாலானோருக்கு நீரும் ஓய்வும் சில நேரம் ஆன்டிபயாட்டிக்கும் போதும். வலப்பக்கப் பெருங்குடல் மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் மட்டும் அசட்டையாக இருக்கக்கூடாது, எஸ்எம்ஏயைப் பார்த்தாகவேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு நடைமுறையில் சொல்லவேண்டியது கொஞ்சம்தான். அறுபதைத் தாண்டியவருக்குச் சட்டென்று தொடங்கிய கடும் வயிற்றுவலி, கூடவே வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்து, ஒழுங்கற்ற துடிப்போ அண்மைய மாரடைப்போ உண்டு என்றால் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காமல் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைக்கவேண்டும், 1777 அவசரமில்லாதவற்றுக்கு. மருந்துப் பையை அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள். வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது, உறைவுத் தடுப்பு மருந்தைக் கடைசியாக எப்போது விழுங்கினார் என்ற இரண்டு நேரங்களையும் தாளில் எழுதி, முதலில் பார்க்கும் தாதியிடமே கொடுங்கள்.